நாலு புள்ளி ஒன்று எட்டு ஆறு

இயேசு, மரி, சூசை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
20.2.2026

மதிப்பிற்குரிய இனிகோ அவர்களுக்கு,

கிளாரா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் உங்கள் தங்கைகள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சாம்பல் புதனிலிருந்து நீங்கள் போன் செய்து நான் எடுக்கவில்லை என்று அம்மா சொன்னார். கோபம் ஒன்றும் இல்லை. தவக்காலத்துக்கு ஒவ்வொரு வருடமும் எதையாவது விடுவது என் வழக்கம். போன வருடம் டீயை விட்டேன். அந்த நாற்பது நாளும் நான் எரிந்து விழாத ஆள் எங்கள் பள்ளியில் பாக்கி இல்லை. அதனால் இந்த வருடம் போனை விட்டிருக்கிறேன். அலமாரியில் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் கிடக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு அன்றுதான் எழும்.

அதுவரை உங்களுக்கு என்னோடு பேச வேண்டும் என்றால் எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனில் யார் வேண்டுமானாலும் இனிக்க இனிக்கப் பேசலாம். எழுதினால் அது கையில் நிற்கும்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டாருக்கு அரசல்புரசலாகத் தெரிந்திருக்கும், ஆனாலும் நானே சொன்னால்தான் சரி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் கோயிலில் சாமியார் என் பெயரையும் ஒரு வெளியூர்க்காரர் பெயரையும் சேர்த்து, மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை வாசிக்கத் தொடங்கினார். 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்று வழக்கம்போலக் கேட்டார். முதல் ஞாயிறு யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து சாமியார் அறைக் கதவைத் தட்டினாள். அந்த மனிதரின் மனைவி. மூன்றாவது ஞாயிறு என் பெயரை வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வரன் எல்லாவற்றையும் தட்டிக் கழித்துவிட்டேன். உங்களை மட்டும் ஏன் தட்டிக் கழிக்கவில்லை என்று கேட்டால், பெண் பார்க்க வந்த அன்று உங்கள் சித்தப்பா, "மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு" என்று சொல்ல, வாயில் பஜ்ஜியோடு நீங்கள், "நாப்பத்தொண்ணு சித்தப்பா" என்றீர்கள். அவர் உங்களை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஈஸ்டர் வரை எனக்கு அவகாசம் கொடுங்கள். ஓலை எழுதலாமா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்னிடம் பொய் சொல்லக் கூடாது. நல்ல எண்ணத்தில்கூட, சின்னதாகக்கூட, வேண்டாம்.

இப்படிக்கு,
ரா. கிளாரா


நிலக்கோட்டை
24.2.2026

அன்புள்ள கிளாரா டீச்சருக்கு,

இனிகோ எழுதிக்கொண்டது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில், 'உன் ஊரில் நடந்த திருவிழாவைப் பற்றி நண்பனுக்கு எழுதுக'. அதில் பத்துக்கு நாலு. எனவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எனக்கு ஏதாவது ஆறுதலாக எழுதத் தெரிந்தால் எழுதியிருப்பேன். தெரியவில்லை. கேட்டதற்கு மனது கனத்துவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன். ஈஸ்டர் வரை என்ன, அதற்கு மேலும் பொறுப்பேன்.

சித்தப்பா விஷயத்தில் நான் பெரிய சத்தியவந்தன் என்று நினைத்துவிடாதீர்கள். பூக் கமிஷன் கடைக்காரனுக்கு ஒரு பழக்கம். யாராவது எடையைக் குறைத்துச் சொன்னால் வாய் தானாகத் திறந்துவிடும்.

தபாலில் போட்டால் பக்கத்து ஊருக்குக்கூட மூன்று நாள் ஆகிறது. எங்கள் பூவை ஏற்றிக்கொண்டு தினமும் விடியற்காலையில் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிற அப்பாஸ் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பள்ளி வாட்ச்மேனிடம் சேர்த்துவிடுவார். கடிதம் மல்லிகைப்பூ வாசம் அடித்தால் நான் செண்ட் போட்டு அனுப்பியதாக நினைக்க வேண்டாம். மூட்டைகளுக்கு நடுவே பயணம் செய்து வருகிறது. அப்பாஸ் அண்ணன் கேட்டார், "ஏலே இனிகோ, ஊரே போன்ல படம் பாத்துப் பேசுது, நீ என்னடா காயிதம் குடுக்குற?" "அவுக போனு விரதம்ணே," என்றேன். "எங்க நோன்பையும் தூக்கிச் சாப்ட்ருச்சுடா உங்க நோன்பு," என்று சிரித்தார்.

எனக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இயற்பியல் ஆசிரியை என்கிறார்கள். நான் பி.காம். அறிவியலோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று இருபத்தைந்து வருடம் ஆகிறது. நாள் முழுக்க அந்த ஆய்வகத்துக்குள் என்னதான் செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

அன்புடன்,
இனிகோ


இயேசு, மரி, சூசை

திண்டுக்கல்
28.2.2026

அன்புள்ள இனிகோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பத்துக்கு ஏழு. கையெழுத்துக்காக ஒன்று குறைத்தேன். இன்னொன்று 'டீச்சர்' என்று கூப்பிட்டதற்காக. மூன்றாவதை எதற்குக் குறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, முழு மதிப்பெண் போட்டுப் பழக்கமில்லை. வாட்ச்மேன் கவரை நீட்டியபோது ஆசிரியர் அறை முழுக்க மணந்தது. வேதியியல் நான்சி, "என்ன கிளாரா, கடுதாசியா கதம்பமா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டாள்.

என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள். இந்த வாரம் தண்ணீர் சுட வைக்கிறேன். சிரிக்காதீர்கள், அதற்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது.

மூடி போட்ட ஒரு செம்புப் பாத்திரத்தில் தண்ணீரை எடை போட்டு ஊற்றுவோம். அதற்குள் ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் விட்டால் தண்ணீர் சூடாகும். வோல்ட்டையும் ஆம்பியரையும் நொடியையும் பெருக்கினால் எத்தனை ஜூல் மின்சாரம் உள்ளே போனது என்று தெரியும். தெர்மாமீட்டரைப் பார்த்தால் எத்தனை டிகிரி ஏறியது என்று தெரியும். போன ஜூலைத் தண்ணீரின் எடையாலும் ஏறிய டிகிரியாலும் வகுத்தால் ஓர் எண் வரும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எத்தனை ஜூல் வேண்டும் என்பதுதான் அந்த எண். உலகத்தில் எந்த ஊர்த் தண்ணீருக்கும் அது ஒன்றுதான். எங்கள் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீருக்கும் சரி, உங்கள் வைகைத் தண்ணீருக்கும் சரி. எனக்கு இதில் அப்படி ஒரு சந்தோஷம். கண்ணுக்குத் தெரியாமல் கம்பிக்குள் ஓடுவதும், கையைச் சுடுவதும் ஒரே சங்கதி என்று ஒரு பாத்திரம் தண்ணீர் கணக்கோடு சொல்கிறது பாருங்கள்.

ஆனால் பிள்ளைகளுக்குச் சரியான எண் வரவே வராது. கொஞ்சம் சூடு பாத்திரத்துக்குப் போகும், கொஞ்சம் காற்றோடு போகும். அதையெல்லாம் தண்ணீரே எடுத்துக்கொண்டதாகக் கணக்கில் வருவதால் எண் எப்போதும் கூடத்தான் வரும். அப்படித் தப்பாக வருவதைத்தான் நான் எதிர்பார்ப்பேன். போகிற சூடு எங்கே போகிறது என்று தேட வைப்பதுதான் பாடம்.

புத்தகத்தில் உள்ள எண் என்னவென்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் ஹீட்டர் ராடு இருக்கிறதா? பி.காம். பட்டதாரிக்குத் துணிச்சல் இருந்தால் செய்து பார்க்கட்டும்.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
கிளாரா


நிலக்கோட்டை
6.3.2026

அன்புள்ள கிளாராவுக்கு ('டீச்சர்' எடுத்தாயிற்று, அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கவும்),

செய்துவிட்டேன்!

என்னிடம் செம்புப் பாத்திரமும் இல்லை, ஆம்பியர் பார்க்கிற கருவியும் இல்லை. ராடு இருந்தது. வீட்டிலேயே பெரிய அலுமினியச் சட்டி ஒன்று, கோயில் அசன விருந்து சமைக்க வாங்கியது. பக்கத்து வீட்டில் மீன் தொட்டிக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் கிடைத்தது. புள்ளி வைத்துக் காட்டுகிற நல்ல தெர்மாமீட்டர். மீன்களிடம் அனுமதி கேட்கவில்லை. பால்கார அக்கா வைத்திருப்பதைப் பார்த்துக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஜக்கில் ஒரு லிட்டர் கோடு வரைக்கும் பிடித்துப் பிடித்து ஐந்து ஜக் ஊற்றினேன்.

மின்சாரத்தை எப்படி அளப்பது என்று யோசித்தேன். பிறகு புத்தியில் பட்டது, அதை அளக்கத்தான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மீட்டரை மாட்டி வைத்திருக்கிறார்களே. ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ராடை மட்டும் போட்டேன். மீட்டரில் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு ஓடியதும் நிறுத்தினேன். ஒரு யூனிட் என்றால் முப்பத்தாறு லட்சம் ஜூலாம், எங்கள் தெரு வயர்மேன் சொன்னார். அப்படியானால் உள்ளே போனது மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

பயப்பட வேண்டாம், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, மரத் துடுப்பால்தான் கலக்கினேன். கலக்காவிட்டால் மேலே வெந்நீரும் கீழே பச்சைத் தண்ணீருமாக இருக்கும் என்பது எனக்குக் குளிக்கிற அனுபவத்தில் தெரியும். ஸ்விட்சை அணைத்த பிறகுதான் தெர்மாமீட்டரை விட்டேன். 28.4 இருந்தது 45.6 ஆனது. பதினேழு புள்ளி இரண்டு ஏறியிருக்கிறது.

கால்குலேட்டர் ஒரு முழம் நீளத்துக்கு எண் காட்டியது. நான் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்: 4.186.

இது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? எவ்வளவு கூட வந்திருக்கிறது? கண்டிப்பாகக் கூடத்தான் வந்திருக்கும், சட்டி தொட்டால் சுட்டது. திருத்தி அனுப்புங்கள். பரீட்சை முடிவு வருகிற நாளில் பேப்பர் கடை வாசலில் நின்ற மாதிரி இருக்கிறது எனக்கு. அந்த வெந்நீரை வீணாக்கவில்லை, குளித்துவிட்டேன்.

அன்புடன்,
இனிகோ


திண்டுக்கல்
9.3.2026

திரு. இனிகோ அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய 4.186 கிடைத்தது.

புத்தகத்தில் உள்ள எண்ணும் 4.186தான். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கமும் அப்படியே. பதினான்கு வருடமாக இந்தச் சோதனையைச் செய்ய வைக்கிறேன். மூடி போட்ட பாத்திரத்தில், கிராம் கணக்கில் நிறுத்த தண்ணீரில், எனக்கே ஒரு முறைகூட அது வந்ததில்லை. அந்த எண்ணை எழுதிக் கொடுத்த பிள்ளைகள் உண்டு. ஒவ்வொருத்தியும் புத்தகத்தைப் பார்த்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்குத் தோதாக டிகிரியை எழுதியவள். அதை எங்கள் ஆய்வகத்தில் சமையல் என்போம்.

மூடி இல்லாத அசனச் சட்டியிலும் மீன் தொட்டித் தெர்மாமீட்டரிலும் உங்களுக்கு மட்டும் அது வந்துவிட்டதாக்கும்? சட்டி சுட்டது என்று நீங்களே எழுதுகிறீர்கள். சட்டிக்குப் போன சூடு எந்தக் கணக்கில் வந்தது? இன்னொன்று. பூவைக் கிராம் கணக்கில் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு உங்கள் கடையில் இருக்கிறது. தண்ணீரை அதில் வைக்காமல் பிளாஸ்டிக் ஜக்கில் அளந்தேன் என்கிறீர்கள். உண்மையில் செய்து பார்த்த எவரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்துச் செய்திருப்பீர்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் நல்ல எண்ணத்தில்கூட வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். ஒரு சட்டித் தண்ணீர் விஷயத்தில் உண்மை சொல்ல முடியாதவரோடு என் பெயரைக் கோயிலில் வாசிக்கக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இனி எழுத வேண்டாம்.

ரா. கிளாரா


நிலக்கோட்டை
12.3.2026

அன்புள்ள கிளாராவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் பொய் எழுதவில்லை. புத்தகத்தைப் பார்க்கவில்லை. அந்த எண் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. சட்டி சுட்டதும் உண்மை, மீன் தொட்டித் தெர்மாமீட்டர் காட்டியதும் உண்மை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டால் நான் பி.காம்., எனக்குப் பதில் இல்லை.

தராசைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. பூ வியாபாரத்தில் பெரிய திருட்டு எது தெரியுமா? தண்ணீர்தான். மூட்டையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தால் எடை கூடும். விடியற்காலைப் பனியா, தெளித்த தண்ணீரா என்று கண்டுபிடிக்கத்தான் நாங்கள் கையை மூட்டைக்குள் விட்டுப் பார்ப்பது. அதனால் எங்கள் கடையில் தராசு இருக்கிற அறைக்குள் தண்ணீர் வரக் கூடாது. குடிக்கிற பாட்டில்கூட வெளியேதான். நானே ஒரு சட்டித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தேன் என்றால், அன்று சாயங்காலமே மார்க்கெட் முழுக்க, "இனிகோ கடையில தண்ணியையும் சேத்து நிறுக்கிறாய்ங்கப்பா" என்று பேச்சாகிவிடும். தராசு என்று எனக்குத் தோன்றாமல் இல்லை, அதில் தண்ணீர் வைக்க மனது வரவில்லை. ஜக்கை எடுத்தேன்.

இதையெல்லாம் நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எனக்கு அதில்தான் வருத்தம். நிறைய வருத்தம். அந்த எண்ணை உங்களுக்கு எழுதும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

பூவைக் கூடையோடு தராசில் வைத்தால், நிறுத்த பிறகு கூடையின் எடையைக் கழிக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் உங்கள் தராசில் ஏறியிருக்கிறார். அவர் கனத்தைக் கழிக்காமல் என்னை நிறுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்பாஸ் அண்ணனிடம் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்திருக்கிறேன். சட்டி, ராடு, ஜக், மரத் துடுப்பு, தெர்மாமீட்டர் எல்லாம் இருக்கின்றன. தெர்மாமீட்டருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு மீன்களுக்குப் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டேன். விருப்பம் இருந்தால் நீங்களே செய்து பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பள்ளி சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிடுங்கள், நல்ல சட்டி.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

இனிகோ


இயேசு, மரி, சூசை

திண்டுக்கல்
22.3.2026

அன்புள்ள இனிகோவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப்போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கிழிக்கும் முன் ஒரு வரி மட்டும் படியுங்கள். நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. நான்தான் தப்பு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெட்டி வந்த அன்றே வீட்டுக்கு எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பிரிக்க மனதில்லை. உள்ளதைச் சொன்னால், பிரிக்கப் பயம். ஒரு வாரம் அதன் மேலேயே படுத்துத் தூங்கினேன். வியாழக்கிழமை வீடு கூட்டும்போது அம்மா பிடித்துக்கொண்டார். "ஏண்டி, அம்புட்டுத் தூரத்துலருந்து சட்டியக் கட்டி அனுப்பிருக்காக. திருப்பி அனுப்புறதுனாலும் என்ன இருக்குனு பாத்துட்டு அனுப்பு. செத்த நேரம் தொறந்து பாத்தா என்ன கொறஞ்சு போயிருவ?" கேட்டுவிட்டு அவரே கத்தியை எடுத்துப் பிரித்துவிட்டார். பார்த்ததும், "நல்ல கனமான சட்டி" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். முதல் வேலையாக உங்கள் பிளாஸ்டிக் ஜக்கில் ஒரு லிட்டர் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து எங்கள் தராசில் வைத்தேன். ஒரு கிலோ இருக்க வேண்டும் அல்லவா? தொள்ளாயிரத்து இருபது கிராம்! மறுபடி வைத்தேன், அதேதான். நீங்கள் நம்பி ஊற்றினீர்களே, அந்தக் கோட்டை ஜக் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறார். நீங்கள் ஐந்து கிலோ என்று நினைத்து ஊற்றியது நாலு கிலோ அறுநூறு.

அப்புறம் உங்கள் சட்டியில், உங்கள் ராடைப் போட்டு, உங்கள் துடுப்பால் கலக்கி, ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு நானே செய்தேன். கிட்டத்தட்ட அதே பதினேழு டிகிரி. ஆக, என்ன நடந்திருக்கிறது என்று கேளுங்கள். நூற்றுக்கு எட்டுப் பங்கு சூடு சட்டிக்கும் காற்றுக்கும் போயிருக்கிறது, அதனால் உங்கள் எண் கூட வந்திருக்க வேண்டும். நூற்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீரை ஜக் குறைத்திருக்கிறது, அதனால் எண் குறைய வந்திருக்க வேண்டும். இரண்டு தப்பும் எதிரெதிரே வந்து, ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, நடுவில் 4.186 மட்டும் சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. சரியான எடையைப் போட்டால் உங்கள் எண் 4.55. என் பிள்ளைகளுக்கு வருவது போலத்தான், அழகான, ஒழுங்கான தப்பு.

ஆளில்லாத ஆய்வகத்தில் அந்த ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். பிறகு அழுதேன். உங்கள் தராசில் தண்ணீர் வைக்க மாட்டேன் என்று நீங்கள் இருந்ததால்தானே அந்த ஜக்கை எடுத்தீர்கள். நாணயமாக இருக்கப் போய் என்னிடம் பொய்யன் என்று பெயர் வாங்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதிய கூடைக் கணக்கு சரி. யாரோ ஒருவர் செய்ததை உங்கள் தலையில் வைத்து நிறுத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

நேற்றுச் சிறப்பு வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். விடை சரியாக வந்தால் செய்முறை சரி என்று நம்பிவிடாதீர்கள், ஏமாற்று என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள், போய் ஜக்கை நிறுத்துப் பாருங்கள் என்றேன். நான் அப்படிச் செய்யாமல் ஒருவரைத் திட்டிவிட்டேன் என்றும் சொன்னேன். "யார மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். பின் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி, "மல்லியப்பூ சாரத்தான்" என்றாள். வகுப்பே கூரை பறக்கச் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பதில் எழுதுவீர்களா?

அன்புடன்,
கிளாரா


நிலக்கோட்டை
31.3.2026

அன்புள்ள கிளாராவுக்கு,

பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. பங்குனி விசேஷம், பூ குவிகிறது, உட்கார நேரமில்லை என்று எழுதினால் பாதி உண்மை. மீதி உண்மை, எனக்குக் கோபம் இருந்தது. கோபத்தோடு எழுதினால் அது கையில் நிற்கும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். இறங்கட்டும் என்று காத்திருந்தேன். குருத்து ஞாயிறு பூசையில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பின் பெஞ்சுப் பெண் சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற என் சின்னத் தங்கை இடுப்பில் இடித்தாள். கோபம் போய்விட்டது.

ஜக் விஷயத்தை அப்பாஸ் அண்ணனிடம் சொன்னேன். "நல்லவேள, நம்ம பால்காரக்கா அந்த ஜக்குல ஊத்தல," என்றார்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுதல். இனிமேலும் உங்களுக்குச் சந்தேகம் வரும். ஒன்பது வருடம் இருந்தது ஒரே நாளில் போகாது, வந்தால் நான் கோபிக்க மாட்டேன். ஆனால் வந்ததும் கேட்டுவிடுங்கள். 'ஏன் தராசில் வைக்கவில்லை?' என்று ஒரு வரி. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். நான் சொல்லுகிற பதிலைக் கேட்ட பிறகு திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. திட்டி எழுதிய கடிதத்தைக்கூட நான் கிழிக்கவில்லை. நாற்பத்தொரு வயதில் நாலு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன், கையெழுத்துக்கு மதிப்பெண் குறைத்தாலும் சரி.

ஈஸ்டர் அன்று போனை எடுத்து வைத்துக்கொண்டு உங்களை நெருக்க மாட்டேன். உங்கள் மனது எதுவோ அதை எழுதி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் சட்டியை மட்டும் அப்பாஸ் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள், எனக்குப் புரிந்துவிடும்.

அன்புடன்,
இனிகோ


இயேசு, மரி, சூசை

திண்டுக்கல்
4.4.2026, பெரிய சனி

அன்புள்ள இனிகோ,

சட்டியைத் தர முடியாது. அம்மா அதில் நாளைக்குக் கறி வைக்க மசாலா அரைத்துவிட்டார்.

கேட்டுவிட்டுத் திட்டுகிறேன். சத்தியமாக. திட்டாமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும், நாம் இரண்டு பேரும் பொய் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டவர்கள்.

உங்கள் கடிதத்தில் 'எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது' என்ற வரியைப் படித்துவிட்டு, ஆசிரியர் அறையில் நான்சி பார்க்காமல் மடித்து வைத்தேன். பிறகு கழிவறையில் போய் நின்று மறுபடியும் படித்தேன். எனக்கும்தான் இனிகோ. உங்கள் பதில் வராத அந்த ஒன்பது நாளும் தினமும் காலையில் பள்ளிக் கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் கையைத்தான் முதலில் பார்த்தேன். வெறும் கையாக இருந்தால் அன்று முழுக்க எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை எங்கள் பங்குச் சாமியாரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாருங்கள். தங்கைகளையும் கூட்டி வாருங்கள். அன்றே ஓலை எழுதிவிடலாம். அடுத்த வார ஞாயிற்றிலிருந்து வாசிக்க ஆரம்பித்தால் மே மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா இப்போதே காலண்டரும் கையுமாக இருக்கிறார்.

இன்னும் ஒன்று. தன் ஓலை வாசிக்கிற பூசைக்குப் பெண் போகக் கூடாது, கூச்சம் என்பார்கள் எங்கள் தெருவில். போன தடவை நானும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்ததையெல்லாம் அடுத்தவர்கள் வந்து சொல்லித்தான் கேட்டேன். இந்தத் தடவை மூன்று ஞாயிறும் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன். நீங்களும் வந்து பக்கத்து வரிசையில் உட்காருங்கள். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். மூன்றாவது தடவை சாமியார் என் பெயரை வாசிக்கும்போது அதை நான் என் காதால் கேட்க வேண்டும்.

உங்கள்,
கிளாரா